பட்டி பார்த்த தாடை

பதினொன்றுக்குக் கூப்பிடுகிறேன் என்றார், பதினொன்று இருபது ஆகிவிட்டது, நான் இன்னும் பிரின்சிபால் அறைக்கு வெளியே இந்த மர பெஞ்சில் மடியில் ஒரு தாடையெலும்பைக் குறுக்காக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பூப்போட்ட குளியல் துண்டில் சுற்றியிருப்பதால் போகிறவர் வருகிறவர் எல்லாம் குத்துவிளக்கைப் பாலிஷ் போடக் கொண்டுபோகிறேன் என்று நினைக்கிறார்கள். தமிழ்த்துறை எமரென்சியா நின்று கேட்டே விட்டாள், ஆமாம் என்று சொல்லிவிட்டேன், விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் மணி அடித்துவிடும். வலது கையில் ஃபைல். ஃபைலுக்குள் ஒரே ஒரு தாள், கல்லூரிக் காட்சிக்கூடத்தில் கழித்துவிட வேண்டிய பொருட்களின் பட்டியல், அதில் இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி: டால்பின் தலையெலும்பு, முதியது, பற்கள் உதிர்ந்தவை, உடைந்தது, பயனற்றது. அடியில் காப்பாளர் என்று அச்சடித்து மேலே கோடு போட்டு வைத்திருக்கிறார்கள், அந்தக் கோட்டின் மேல் சுகிர்தம் என்று நான் எழுதினால் போதும், மத்தியானத்துக்குள் விடுதிக்குப் பின்னால் உடைமரத்தடியில் வெட்டியிருக்கிற குழிக்குள் அந்தத் தலை போய்விடும். வெள்ளிக்கிழமை எனக்குப் பிரிவுபசார விழா, மாலை, பொன்னாடை, குறையற்ற முப்பத்து மூன்று ஆண்டுப் பணி என்று அழைப்பிதழ்கூட வந்துவிட்டது, பச்சை எழுத்தில். கையெழுத்துப் போடுவதற்கு என்ன நோவு. இடது உள்ளங்கையை இறுக்கி மூடியிருக்கிறேன். அதற்குள் இருப்பது வேர்த்து வேர்த்துக் கரைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது, கரையாது, இருபத்தாறு வருஷம் கல்லாய்க் கிடந்தது இந்த இருபது நிமிஷ வேர்வைக்கா கரையும்.

அதோ, மறுபடியும் பொத்தானை அமுக்கிவிட்டார்கள். வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து என் குரலே என்னைத் தேடி வருகிறது. “நான் சீலகந்த். ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே நான் அழிந்துவிட்டதாக எண்ணினீர்கள். நான் ஒரு வாழும் புதைபடிவம்.” போன மாதம் என்னைத்தான் பேச வைத்துப் பதிவு செய்தார்கள், மேடத்துக்கு நல்ல கணீர்க் குரல் என்று பிரின்சிபால் தவசீலனே சொன்னார், எனக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது. முன்கூடத்தில் ஐந்தடி நீளத்துக்கு ஃபைபர் மீன், பளபளவென்று நீலம், வெள்ளைத் திட்டுகள், கண்ணுக்குக் கோலிக்குண்டு. அதைச் சுற்றித்தான் புதுக் கூடம் வரப்போகிறது, திரை, விளக்கு, ஏசி எல்லாம், அந்த இடத்துக்காகத்தான் பழைய எலும்புகளை எல்லாம் காலி பண்ணுகிறார்கள். கடலையே காணாத ஃபைபருக்கு ஏசி, கடலில் வாழ்ந்து செத்ததற்குக் குழி. பதிவு செய்த வாரத்திலிருந்து பிள்ளைகள் எனக்கும் சீலகந்த் என்று பெயர் வைத்துவிட்டார்கள், லேப் மேஜையில் காம்பஸால் செதுக்கியே வைத்திருக்கிறார்கள், சீலகந்த் வருது ஓடு. கோபம் வரவில்லை, எழுத்துப்பிழை இல்லாமல் செதுக்கியிருக்கிறார்களே என்று சந்தோஷம்தான் வந்தது. பெயர்தான் தப்பு. எனக்கு அந்த மீன் பெயர் பொருந்தாது, ஏன் பொருந்தாது என்று ஒருநாளாவது வகுப்பில் நிற்க வைத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த மீனுக்கு நான்கு துடுப்புகளில் சதை இருக்கிறது, உள்ளே எலும்பு இருக்கிறது, கையும் காலும் முளைக்கப்போகிற மாதிரி. அதனுடைய தூரத்துச் சொந்தங்கள் கரையேறிப் போய்த்தான் தவளையாகி ஓணானாகி நாமாகி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். அது மட்டும் போகவில்லை. வாசல்படி வரைக்கும் வந்து அங்கேயே நின்றுகொண்டது, நெஞ்சுக்குள் ஒரு நுரையீரல்கூட வைத்திருக்கிறது, கொழுப்பு அடைத்து எதற்கும் உதவாமல். அதைத்தான் உலகமே கொண்டாடுகிறது, மாறாமல் இருந்ததற்காக. திமிங்கிலம் அப்படியா. அதனுடைய முன்னோர் கரையில் நாலு காலில் நடந்தவர்கள், மண்ணை மிதித்து மழையில் நனைந்து எல்லாம் பார்த்துவிட்டு, போதும் என்று திரும்பிக் கடலுக்குள் இறங்கியவர்கள். இடுப்பெலும்பு இன்னும் சதைக்குள் துண்டாகக் கிடக்கிறது, கால் இல்லை. மூச்சு மட்டும் இன்னும் மேலே வந்துதான் விட வேண்டும், அதையும் அடக்கிக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கும் மேலே ஆழத்தில் இருக்கிற ஜாதி, பட்டியலில் டால்பின் என்று எழுதப்பட்டு என் மடியில் கிடக்கிற இந்த அலகுத் திமிங்கிலம். என் அண்ணன் சொல்வான், நீ அப்படியே இருந்துட்ட சுகிர்தம், எல்லோரும் எங்கேயோ போயிட்டாங்க என்று. நான் எங்கே இருந்தேன், நானும்தான் போனேன், மார்த்தாண்டத்துக்கு, எட்டு மாதம், கல்யாணம் பண்ணிக்கொண்டு. அவர் கெட்டவர் இல்லை. எலும்பும் ஃபார்மலின் நாற்றமும் எதற்கு, வேலையை எழுதிக் கொடுத்துவிடு என்றார், அவ்வளவுதான். அந்த வீட்டுக் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டே ஒருநாள் யோசித்தேன், மறுநாள் பஸ் ஏறிவிட்டேன். போகாமல் நின்றவளுக்கும் போய்ப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று திரும்பினவளுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் மேஜையில் செதுக்கட்டும்.

ஃபைல் நழுவுகிறது. ஃபேன் சுற்றுகிற சுற்றில் தாள் படபடக்கிறது, பற்கள் உதிர்ந்தவை, பற்கள் உதிர்ந்தவை, அந்த இரண்டு வார்த்தையும் ஒரு மாதமாக என்னைத் தூங்கவிடவில்லை. பட்டியல் போட்ட கமிட்டிக்காரர்கள் அதைக் கற்பனை பண்ணி எழுதவில்லை, தலையெலும்பின் கீழே ஒட்டியிருக்கிற பழைய லேபிளைப் பார்த்து அப்படியே எழுதியிருக்கிறார்கள், அந்த லேபிளில் இருப்பது என் கையெழுத்து, முப்பத்து மூன்று வயதில் நான் எழுதிய உருண்டைக் கையெழுத்து. மணப்பாடு பக்கத்தில் ஒரு பெரிய மீன் ஒதுங்கியிருக்கிறது என்று போன் வந்தது, கல்லூரி வேனில் போனோம். பதினைந்தடி இருக்கும், கறுப்பு, மேலெல்லாம் நீள நீளமாக வெள்ளைக் கோடுகள், வலை அறுத்ததும் வயசான சுருக்கமும் என்று குறித்துக்கொண்டேன். இப்போது தெரிகிறது, அது வயசுக் கோடு இல்லை, ஆணும் ஆணும் பல்லால் கீறிச் சண்டை போட்ட கோடு. கிழம் என்று நான் எழுதியது சண்டைக்காரனை. அங்கே நின்றிருந்த செலஸ்டின், நாற்பது வயசிருக்கும், அந்தக் கரையில் வள்ளம் வைத்திருந்த ஆள், என் பக்கத்தில் வந்து சொன்னார்: “டீச்சர், இது ஓங்கல் இல்ல. ஓங்கலுக்கு வாய் நெறையப் பல்லு கெடக்கும். இதுக்குக் கீழ ரெண்டே ரெண்டுதான். பொறந்ததுலருந்து இந்தச் சாதிய நான் பாத்ததில்ல.” டால்பினுக்கு அந்தக் கரையில் ஓங்கல் என்றுதான் பெயர். உள்ளங்கையை நீட்டினார், பிடுங்கி எடுத்த இரண்டு பல், தட்டையாக, கட்டைவிரல் அகலத்துக்கு. நான் என்ன செய்தேன். நாற்றம் தாங்காமல் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, மற்றதெல்லாம் உதிர்ந்திருக்கும் அண்ணாச்சி, இதை நீங்களே வச்சுக்கோங்க என்றேன். எம்.எஸ்சி. படித்தவள் நான், அவர் படிக்காதவர், அதனால் அவர் சொன்னது லேபிளில் ஏறவில்லை. அந்த வகைத் திமிங்கிலங்களைப் பல்லை வைத்துத்தான் இனம் பிரிப்பார்கள், அந்தப் பல்லை ஒருவர் என் கைக்கு நேரே நீட்டினார், வேண்டாம் என்று சொன்னேன்.

அதோடு விட்டேனா. தலையை மட்டும் வெட்டி எடுத்து வந்து மணலில் புதைத்தோம், எட்டு மாதம் கழித்துத் தோண்டினால் சதையெல்லாம் போய் எலும்பு சுத்தமாக வந்தது. அப்போது பார்த்து கல்லூரிக்கு இன்ஸ்பெக்ஷன் வந்தது. இன்ஸ்பெக்ஷன் என்றால் இங்கே தெரியுமே, மரத்துக்குக் காவி, செங்கல்லுக்கு சுண்ணாம்பு, தண்ணீர்த் தொட்டிக்கு நீலம், அசையாத எதையும் பெயின்ட் அடிக்காமல் விடமாட்டார்கள். எலும்பு மஞ்சளாக இருக்கிறதே மேடம், அழுக்கு மாதிரித் தெரியுமே என்றார் அன்றைய பிரின்சிபால், எனாமல் வெள்ளை ஒரு டப்பா கொடுத்தார். தாடையில் இரண்டு பக்கமும் நடுவில் ஒவ்வொரு பள்ளம், கடப்பாரை பட்டு உடைந்த ஓட்டை என்று நினைத்துக்கொண்டேன், பெயின்டருக்குக் கொண்டுவந்த பட்டியில் ஒரு உருண்டை எடுத்து அடைத்து, கட்டைவிரலால் அழுத்தி, மேலே இரண்டு கோட்டிங். பல்குழியைப் பட்டி பார்த்து மூடிய விலங்கியல்காரி உலகத்திலேயே நான் ஒருத்திதான். இன்ஸ்பெக்ஷன் குழு வந்து, நன்றாகப் பராமரிக்கிறீர்கள் என்று என்னைப் பாராட்டி எழுதிவிட்டுப் போனது, அந்தப் பாராட்டும் என் பணிப்பதிவேட்டில் இருக்கிறது. போன மாதம் தூசி தட்டும்போது இந்தப் பக்கத்துப் பட்டி மட்டும் கழன்று என் காலடியில் விழுந்தது. குனிந்து பார்த்தால் ஓட்டை இல்லை, சீரான சுவரோடு, ஒரு பல் உட்கார்ந்திருந்த இடம். இந்த நீளத் தாடையில் வேறெங்கும் குழியே கிடையாது. பக்கத்துக்கு ஒன்று, மொத்தம் இரண்டு, செலஸ்டின் சொன்ன அதே கணக்கு.

பூலோகப்பாண்டி வருகிறார், முட்டளவு மடித்துக் கட்டிய வேட்டி, கையெல்லாம் செம்மண். காட்சிக்கூடத்துக்கு இருபது வருஷமாக அட்டெண்டர், என்னைவிட அவருக்குத்தான் எந்த அலமாரியில் எது என்று தெரியும். குனிந்து மெதுவாகச் சொல்கிறார்: “மேடம், குழி இடுப்பளவு வந்துட்டு. தலைய பக்கத்துல கொண்டு வச்சிருக்கேன். நீங்க போடச் சொன்னா போடுதேன், வேண்டாம்னா வேண்டாம்.” நான் வருகிற வரைக்கும் ஒரு கை மண் விழக்கூடாது என்கிறேன். தலையாட்டிவிட்டு நிற்கிறார், துண்டில் சுற்றியதைப் பார்க்கிறார், அந்தத் தாடையை இத்தனை வருஷம் துடைத்தவர் அவர். நான் காரணம் சொல்லாமலே அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று தோன்றுகிறது, அல்லது மேடத்துக்கு ரிட்டையர் ஆகிற துக்கம் என்று நினைக்கிறாரோ என்னவோ. போய்விட்டார். தரையில் அவர் கால்தடம் செம்மண்ணாகக் கிடக்கிறது, துடைக்கிற பெண் திட்டப்போகிறாள்.

சரி, ஒருவேளை அது அபூர்வமானதே இல்லை என்றால். அலகுத் திமிங்கிலங்களில் ஒரு வகையை இன்றுவரை உயிரோடு பார்த்தேன் என்று சொல்ல ஆளில்லை, கரையொதுங்கியவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். இதோ எதிர்க்கரையில், இலங்கையில் ஒதுங்கிய ஒன்றைப் புது இனம் என்றார்கள், பிறகு இல்லை இல்லை அது பழையதுதான் என்று வேறொன்றின் பெயரில் சேர்த்தார்கள், ஐம்பது வருஷம் கழித்து மன்னிக்கவும் புதுசுதான் என்று திருப்பி எழுதினார்கள். அதுவாக இருக்குமா இது. தெரியாது. எலும்பைத் துளைத்துத் தூள் எடுத்துப் பார்க்க வேண்டும், என் எனாமல் அதையும் கெடுத்திருக்கலாம். எல்லாம் பார்த்துவிட்டு, சாதாரண வகைதான் மேடம், இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று ஒரு சின்னப் பையன் ஈமெயில் போடலாம். போடட்டும். அபூர்வமாக இருந்தால்தான் உண்மையான பெயர் கிடைக்குமா, இல்லாவிட்டால் பொய்ப் பெயரோடு குழிக்குள் போக வேண்டுமா. அந்தச் சீலகந்த் மீனையும் இப்படித்தான் தொலைக்கப் பார்த்தார்கள். தென்னாப்பிரிக்காவில், கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருக்கும்போது, மீன் குவியலில் ஒரு நீலத் துடுப்பைப் பார்த்தாள் சின்னக் காட்சிக்கூடம் ஒன்றில் வேலை பார்த்த பெண். நாற்றத்துக்குப் பயந்த டாக்சிக்காரனோடு சண்டை போட்டு ஏற்றிக்கொண்டு வந்தாள், பிணவறையில் வைக்க இடம் கேட்டாள், மாட்டேன் என்றார்கள். மேலதிகாரி பார்த்துவிட்டு, இது சாதாரணப் பாறை மீன் என்றாராம். வேறு வழியில்லாமல் தோலைப் பதப்படுத்தினார்கள், குடலும் ஈரலும் குப்பைக்குப் போயின, இன்னொரு மீன் கிடைக்கப் பதினான்கு வருஷம் ஆயிற்று. அவளும் எல்லாவற்றையும் காப்பாற்றவில்லை. ஆனால் சாதாரண மீன் என்று எழுதிக் கையெழுத்துப் போடவில்லை. அது போதும் எனக்கு.

என்ன செய்துவிடுவார்கள். முப்பத்து மூன்று வருஷம் காப்பாளர், ஒரு மாதிரியைப் பெயர் தெரியாமல் வைத்திருந்தார், பல்லைத் தானம் பண்ணினார், பல்குழியைப் பட்டி வைத்து அடைத்தார் என்று மூன்று வரி என் பதிவேட்டில் ஏறும். வெள்ளிக்கிழமை மேடையில் ஒருவரும் என் முகத்தைப் பார்க்காமல் பொன்னாடை போர்த்துவார்கள். எமரென்சியா டீ நேரத்தில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். பயமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டு நாலு நாள் ஓட்டிவிட்டால் நான் குறையற்றவள். யாருக்குத் தெரியும், கழன்ற பட்டியை மறுபடி அமுக்கிவிட்டால் முடிந்தது. அன்றைக்கு ராத்திரியே அமுக்கியும் பார்த்தேன், மறைக்கவா, பொருந்துகிறதா என்று பார்க்கவா, எனக்கே தெரியாது. அப்போதுதான் கவனித்தேன், அந்தப் பட்டி உருண்டையின் மேல், பெயின்டுக்குக் கீழே வழவழவென்று ஒரு குழிவு. என் வலது கட்டைவிரலை வைத்தேன். வாதம் வந்து கணு வீங்கின விரல், ஆனாலும் சரியாகப் போய் உட்கார்ந்தது, கொஞ்சம் இடதுபுறம் சாய்ந்து, நான் அழுத்துகிற சாய்வு. இருபத்தாறு வருஷமாக அந்தத் திமிங்கிலத்தின் வாயில் என் விரல் இருந்திருக்கிறது. “நான் ஒரு வாழும் புதைபடிவம்,” மறுபடியும் என் குரல், பொத்தானை விடமாட்டேன் என்கிறார்கள் இந்தப் பிள்ளைகள். இல்லையடி, நீ ஃபைபர், வாயை மூடு.

கதவு திறந்து கிளார்க் எட்டிப் பார்க்கிறார், சார் கூப்பிடுகிறார் என்கிறார். எழுந்தால் முட்டி இரண்டும் சத்தம் போடுகின்றன. தவசீலன் என்னிடம் லேப் படித்தவர், தவளை அறுக்கும்போது மயங்கி விழுந்தவர், இன்றைக்கும் நான் வந்தால் எழுந்து நிற்கிறார். உட்காருங்க மேடம், வெள்ளிக்கிழமை சாப்பாடு மட்டனா சிக்கனா என்று கேட்கிறார், சிரிக்கிறார், அந்தத் தாளை மட்டும் முடித்துக்கொடுத்துவிடுங்கள் என்கிறார். மேஜைமேல் துண்டைப் பிரிக்கிறேன். அவருடைய கோப்புகளையும் அழைப்பிதழ் கட்டையும் தள்ளிவிட்டு முக்கால் கஜம் வெள்ளைத் தாடை படுத்துக்கிடக்கிறது, நடுவில் கறுப்பாகத் திறந்த ஒரே ஒரு குழி. சொல்கிறேன், முதலிலிருந்து, செலஸ்டின் உள்ளங்கை வரைக்கும். அவர் முகம் மாறிக்கொண்டே வருகிறது. கடைசியில் குரலைத் தாழ்த்தி, லேபிள் உங்கள் எழுத்துதானே, இப்போது நீங்களே தப்பு என்றால் உங்களுக்குத்தானே மேடம் அசிங்கம், இத்தனை வருஷம் யாருக்கும் தெரியாதது இன்னும் நாலு நாள் தெரியாமல் இருந்தால் என்ன என்கிறார். என்மேல் உள்ள அன்பில்தான் சொல்கிறார்.

ஃபைலைத் திறந்து இருநூற்றுப் பன்னிரண்டாவது வரியை அடிக்கிறேன். பக்கத்தில் இடம் குறைவு, பொடியாக எழுத வேண்டியிருக்கிறது: இது டால்பின் இல்லை. அலகுத் திமிங்கிலம், இனம் இன்னும் தெரியாது. பற்கள் உதிரவில்லை, இரண்டு இருந்தன, கண்டு சொன்னவர் மணப்பாடு செலஸ்டின், கேட்காதவள் நான். பல்குழிகளை அடைத்ததும் நான். புதைக்கச் சம்மதிக்கவில்லை. அடியில் சுகிர்தம் என்று கையெழுத்துப் போடுகிறேன், அதே உருண்டை எழுத்து. தவசீலன் தாளை வாங்கிப் படிக்கிறார். அடைத்தது நீங்கள்தான் என்று என்ன நிச்சயம், பெயின்டரும் அடைத்திருக்கலாமே மேடம் என்கிறார், எனக்காக ஒரு சந்து திறந்து வைக்கிறார். இடது கையை விரிக்கிறேன். வேர்வையில் நனைந்த அந்தப் பட்டி உருண்டையை அவர் முன்னால், பச்சை அழைப்பிதழின் மேலேயே வைக்கிறேன்.

“உங்க விரல வச்சுப் பாருங்க சார், சேராது,” என்கிறேன். “எனக்குச் சேரும்.”

அவர் கையை நீட்டவில்லை. நான் என் கட்டைவிரலை நீட்டுகிறேன்.